வால்நுனியில் வைத்த நீலம்

கண்ணால் காணாததை வரைய மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். வாழ்த்து அட்டைக்கு ஒரு ரோசாப்பூ போட்டுத் தாருங்கள் என்று யாராவது கேட்டால், "பூவைக் கொண்டு வாருங்கள்" என்பேன். பூவைத் தேடிப் போனவர்கள் திரும்பி வருவதில்லை. இதனால் வாய்க்காரி என்ற பட்டம் எனக்குக் கிடைத்தது, சிநேகிதரும் குறைந்தார்கள். அப்படிப்பட்ட நான் ஒரேயொரு தடவை, பாதி நெல்மணி அளவு இடத்தில், காணாத நிறம் ஒன்றை வைத்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டாம் உலக யுத்தம் வர இன்னும் சில வருடங்கள் இருந்தன. கொழும்பில், பூச்சிகளை ஆராய்கிற ஒரு கந்தோரில் படம் வரைகிற வேலை. பெண் என்று அங்கே நான் ஒருத்திதான். எழுத்துவேலை செய்கிற லிகிதர்மார் என் மேசையைச் சுற்றிக்கொண்டு போவார்களே தவிர நின்று கதைக்க மாட்டார்கள். மத்தியானச் சோற்றை நான் செத்த தும்பிகளுக்கு முன்னால் இருந்து தனியே சாப்பிடுவேன். மேசை லாச்சிகளில் போட்டிருந்த நப்தலின் உருண்டையின் மணம் மீன்குழம்பிலும் ஏறிவிடும். தனிமை எனக்குப் பிடிக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேன். அது பொய். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை.

எனக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். இந்தத் தீவில் பறக்கிற தும்பிகள் அத்தனையையும் ஒரே புத்தகத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய கனவு. எழுத்து அவருடையது, படம் என்னுடையது. நல்ல மனிதர், ஆனால் பூச்சியைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு மனிதரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். அந்த விடயத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

தும்பியை வரைவதில் ஒரு தொல்லை உண்டு. வண்ணத்துப்பூச்சி செத்துப் பல வருடம் ஆனாலும் செட்டையின் நிறம் அப்படியே நிற்கும். தும்பிக்கு அப்படியில்லை. அதன் நிறம் உடம்போடு கலந்தது, உயிர் போகும்போது கூடவே போய்விடும். பச்சைக் கண் கபிலமாகும், சிவப்பு வயிறு தேத்தண்ணிச் சாயம் போல மங்கும். ஆகவே எங்கள் கந்தோரில் ஒரு முறை வைத்திருந்தோம். பிடித்த தும்பியை முக்கோணமாக மடித்த கடதாசிக்குள் உயிரோடு வைத்து அன்றைக்கே கொண்டுவருவார்கள். அது மூச்சோடு இருக்கும்போதே நான் நிறங்களைக் கலந்து ஒரு துண்டில் பதிந்துகொள்வேன். உருவத்தை ஆறுதலாகப் பிறகு வரையலாம். முதலில் நிறம், பிறகு உருவம். இந்த முறையில் அறுபது படம் வரைந்துவிட்டேன். அறுபதிலும் ஒரு புள்ளிகூடக் காணாமல் வைத்ததில்லை.

அறுபத்தோராவது தும்பி உயிரோடு வரவில்லை. எப்போதோ சீமைக்குத் திரும்பிவிட்ட ஒரு இஞ்சினியர் விட்டுப்போன பழைய பிஸ்கட் தகரத்துக்குள், கடதாசி முக்கோணம் ஒன்றில் அது கிடந்தது. ஊசித்தும்பி வகை. தையல் ஊசியை விடக் கொஞ்சம் தடித்த, கறுத்த, நீண்ட உடம்பு. இலையில் குந்தியிருக்கும்போது செட்டைகளைச் சேர்த்து மடித்துக்கொள்ளும் சாதி. மேலே "கொழும்பு" என்று மட்டும் யாரோ எழுதியிருந்தார்கள்.

துரை அதைப் பூதக்கண்ணாடியில் வைத்து இரண்டு நாள் பார்த்தார். இந்த வகையில், ஆண் தும்பியின் வால்நுனியில் இருக்கிற சின்னக் கொக்கிகளைப் பார்த்துத்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும். இதிலே கொக்கிகள் உடைந்து போயிருந்தன. மிஞ்சியது நிறம் ஒன்றுதான். ஏற்கெனவே பெயர் வைத்திருந்த பழைய இனத்துக்கு வால்நுனி வெள்ளை என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் கந்தோரில் அதை உயிரோடு பார்த்தவர் ஒருவருமில்லை, துரை உட்பட. இந்தத் தும்பியின் நுனியோ சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்தச் சாம்பலுக்கு அடியில் மெல்லிய நீலச் சாயை ஒன்று தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது.

"உயிரோடு இருந்தபோது இது என்ன நிறமாக இருந்திருக்கும், மிஸ்? என்னுடைய கண்ணை விட உங்களுடைய கண் நல்லது" என்றார் துரை.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ரோசாப்பூக் கேட்டு வந்தவர்களிடம் காட்டிய வாயை அன்று அவரிடம் காட்டவில்லை. அந்தக் கந்தோரில் என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டு, பதிலுக்காகக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நான் நீலத்தைக் கலந்தேன்.

எந்த நீலம் என்று சொல்ல வேண்டும். என் அப்பா கொட்டாஞ்சேனையில் கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். ஒவ்வொரு பெருநாளுக்கு முன்னாலும் மாதாவின் சுரூபத்தை இறக்கி, மேலாடைக்குப் புது நீலம் பூசுவார். அந்த நீலத்தைக் கலந்து கொடுப்பது என் வேலை. பத்து வயதிலிருந்து அவர் சாகும்வரை கலந்தேன். கண்ணை மூடிக்கொண்டும் என்னால் அந்த நீலத்துக்குப் போக முடியும். சந்தேகம் வந்தால் என் கை அங்கேதான் போகும். கொட்டாஞ்சேனையில் சுரூபக்காரன் வீட்டில் பிறந்த ஒருத்தியைத் தவிர வேறு யாரும் ஒரு காட்டுத் தும்பியின் வாலில் மாதாவின் நீலத்தைக் கொண்டுபோய் வைத்திருக்க மாட்டார்கள்.

படம் காய்ந்ததும் துரை அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறிவிட்டது.

"நீலம் என்பது நிச்சயமா, மிஸ்?"

"ஓம், நிச்சயம்" என்றேன்.

பொய் அவ்வளவுதான், இரண்டு சொல். துரை அன்று பின்னேரமே எழுதத் தொடங்கினார். வால்நுனி வெள்ளையாக இல்லாமல் நீலமாக இருப்பதால் இது இதுவரை எவரும் அறியாத புது இனம் என்று எழுதினார். பிறகு என் மேசைக்கு வந்து, ஒரு துண்டுக் கடதாசியை வைத்தார். லத்தீன் முறையில் கொஞ்சம் நீட்டி, என்னுடைய பெயர் அதில் எழுதியிருந்தது. அந்தத் தும்பிக்கு என் பெயரை வைக்கப் போகிறாராம்.

அந்தத் துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். அங்கே கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில், ஒரு அறை எடுத்து இருந்தேன். அப்பா போனபிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் அண்ணனின் குடும்பம் பெருகியது. என்னுடைய கட்டில் முதலில் விறாந்தைக்கு நகர்ந்தது, பிறகு தட்டுமுட்டுச் சாமான் அறைக்கு நகர்ந்தது. அதற்கு மேல் நகர இடமில்லாதபடியால் நானே நகர்ந்துவிட்டேன். அண்ணன் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் துண்டை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எந்தக் கலியாண அழைப்பிலும் வராத பெயர். எந்தப் பிள்ளைக்கும் யாரும் வைக்காத பெயர், அண்ணனின் மூன்று பெண்களுக்கும் அண்ணியின் பக்கத்துப் பெயர்கள். நான் செத்தால் கல்லறையில் வெட்டுவார்கள், அதுவும் அண்ணன் ஞாபகமாகச் செய்தால். இப்போது அந்தப் பெயர் ஒரு புத்தகத்தில், எந்தத் தேசத்தாரும் வாசிக்கிற எழுத்தில், செட்டையோடு நிற்கப் போகிறது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. சொல்வதற்கு ஆளும் இல்லை.

வீட்டுக்கார அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"தும்பிக்கோ?" என்றார். "பிள்ளைக்கு வைக்கிற பேரைத் தும்பிக்கு வைச்சால் உமக்கு என்ன லாபம், பிள்ளை? அண்டைக்குச் சொன்ன மாப்பிள்ளையை ஒருக்கா யோசிச்சுப் பாருமன்."

அந்த மாப்பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு வயது, முதல் மனைவி செத்து ஆறு மாதம். யோசிக்க அதிகம் இருக்கவில்லை.

படங்களும் எழுத்தும் அச்சுக்காகக் கப்பலில் சீமைக்குப் போயின. ஒன்று மட்டும் துரையை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தச் சாதித் தும்பி அடர்ந்த காட்டின் நிழல் ஓடையை விட்டு வெளியே வராது. அப்படியிருக்க அது கொழும்பில் எப்படிப் பிடிபட்டிருக்கும்? இடம் தெரியாத இனம் அரைகுறை இனம் என்பார் அவர்.

அதைக் கண்டுபிடித்தது நான்தான். தும்பியை எடுத்து ஊசியில் குத்தியபின் வெறும் கடதாசி முக்கோணத்தைக் குப்பைக் கூடைக்குள் போட்டுவிட்டார்கள். கடதாசியை வீணாக்குவது எனக்குப் பொறுக்காது. தூரிகை துடைக்கலாம் என்று அதை எடுத்து விரித்தேன். உள்ளே வரிசை வரிசையாக எண்கள், ஒரு மாதத்து மழைவீழ்ச்சிக் கணக்கு. தலைப்பில் லபுகமை என்று அச்சடித்திருந்தது. லபுகமையில் உள்ள குளத்திலிருந்துதான் கொழும்புக்குக் குடிதண்ணீர் குழாயில் வருகிறது. அந்த இஞ்சினியர் தண்ணீர்க்காரர். குளக்கரைக் காட்டில் பிடித்த தும்பியைக் கையில் கிடைத்த கடதாசியில் மடித்து வைத்திருக்கிறார். அவர் கொழும்பில் குடியிருந்தபடியால் எவரோ மேலே கொழும்பு என்று எழுதிவிட்டார்கள். நான் வர்ணம் கலக்கிற தண்ணீரும் அந்தக் காட்டிலிருந்து வந்ததுதான்.

துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மழைக்காலம் முடிந்ததும் தானே போய் இன்னொன்று பிடித்துவருவதாகச் சொல்லிவிட்டு, தேயிலைப் பூச்சி விடயமாக மலைநாட்டுக்குப் போய்விட்டார். என்னால் அதுவரை பொறுக்க முடியவில்லை. என் பெயர் பறப்பதை அவருக்கு முன்னால் நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் கிளம்பினேன். கொட்டாஞ்சேனைக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். ரிக்‌ஷாவில் நுகேகொடைக்குப் போய், அங்கே சின்ன ரயிலில் ஏறினேன். தண்டவாளம் ஒடுங்கலானபடியால் அது ஆடி ஆடித்தான் போகும். என் பெட்டியில் இருந்த சிங்களக் குடும்பம் ஒன்று என்னைக் கண்ணாலேயே அளந்தது. குடை, வர்ணப்பெட்டி, நுளம்புவலைத் துணியை வளையக் கம்பியில் தைத்த ஒரு பை, கையில் மோதிரமில்லாத ஒரு தமிழ்ப்பெண். நானாக இருந்தாலும் அளந்திருப்பேன்.

வாகை நிலையத்தில் இறங்கி, றப்பர் தோட்டங்களுக்கு நடுவே நாலு கட்டை தூரம் நடந்தேன். றப்பர் முடிந்த இடத்தில் காடு தொடங்கியது. அந்த இடத்தில் ஒரு மதகு, மதகில் வெற்றிலை போட்டபடி ஒரு காவல்காரர் இருந்தார்.

"தனியமத, நோனா?" என்றார். தனியாகவா வந்தீர்கள் என்று கேட்கிறார்.

"ஒவ், தனியம" என்றேன். எந்தப் பாஷையில் சொன்னாலும் அதே சொல்தான் வருகிறது என்று எரிச்சல் வந்தது.

எனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில் தும்பி பார்க்க வந்தேன் என்று சொன்னேன். அவர் என் பையையும் என்னையும் பார்த்தார். குளத்துப் பக்கம் போக அனுமதி இல்லை, மதகுக்குக் கீழே ஓடுகிற ஓடையில் பார்க்கலாம், ஆனால் தண்ணீரில் காலை வைக்க வேண்டாம், அது கொழும்பார் குடிக்கிற தண்ணீர் என்றார். மதகுக்குக் கீழே போகும் தண்ணீர் கொழும்புக்குப் போகாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

ஓடைக்கு இறங்கினால், பட்டப்பகலில் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. மரங்கள் மேலே கூடி அடைத்திருந்தன. பாசி பிடித்த கல், கல்லிலிருந்து சொட்டுகிற நீர், முழங்கால் உயரத்துக்குப் பன்னச் செடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈர மண் மணம். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்திருந்தேன், அட்டைகளுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஒரு கல்லில் குந்தியிருந்து ஒரு மணித்தியாலம் பார்த்தேன். சிவப்புத் தும்பிகள் மதகில் வெயில் விழுகிற இடத்தில் பறந்தன, நிழலுக்குள் ஒன்றும் அசையவில்லை.

பிறகு, ஒரு பன்ன இலைக்கு அடியில், இருட்டில், ஒரு வெள்ளைப் புள்ளி தொங்குவதைக் கண்டேன். நீர்த்துளி என்று நினைத்தேன். துளி விழவில்லை. பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்து இன்னொரு இலைக்குப் போனது. அப்போதுதான் விளங்கியது. கறுத்த உடம்பும் கண்ணாடிச் செட்டையும் அந்த நிழலில் கண்ணுக்குத் தெரிவதில்லை, நுனி மட்டும்தான் தெரிகிறது. ஒன்றைக் கண்ட கண்ணுக்கு மற்றவையும் அகப்பட்டன. ஓடை நெடுகிலும் இருந்தன. எழுந்து மெதுவாக நடந்தால் எனக்கு முன்னால் வெள்ளைப் புள்ளிகள் கொஞ்சம் விலகி, நான் போனபின் பழைய இடத்துக்கே வந்தன.

பதினேழு எண்ணினேன். பதினேழும் வெள்ளை. அரிசி கழுவின தண்ணீரில் பச்சை ஒரு துளி விழுந்தால் வருமே, அந்த வெள்ளை. நீலம் எங்கேயும் இல்லை. வெயில் ஏறினால் நீலமாகும் என்று காத்தேன். வேறு கோணத்தில் நீலமாகத் தெரியும் என்று ஈரத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். ஒன்றாவது நீலமாக இருக்கக்கூடாதா என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். மாதாவைக் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது.

வலையில் ஒன்றைப் பிடித்தேன். முதலில் நிறம் என்ற முறைப்படி, முழங்காலில் வர்ணப்பெட்டியை வைத்து, அந்த வெள்ளையைக் கலந்து துண்டில் பதிந்தேன். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. பிறகு தும்பியைக் கடதாசியில் மடித்து, சிகரெட் தகரத்துக்குள் வைத்தேன். மேலே ஏறி வந்தபோது காவல்காரர் தனக்கு ஊற்றியிருந்த தேத்தண்ணியை என்னிடம் நீட்டினார். நான் அழுதிருந்தேன் போல.

பின்னேரம் வெள்ளவத்தை வந்து சேர்ந்தபோது தும்பி செத்திருந்தது. யன்னலோரம் வைத்துக் கடதாசியை விரித்தேன். வால்நுனி வெள்ளை போய்விட்டது. அந்த இடத்தில் சாம்பல் பூத்து, சாம்பலுக்கு அடியில் மெல்லிய நீலச் சாயை நின்றது. பிஸ்கட் தகரத்துத் தும்பியில் நான் கண்ட அதே சாயை. உயிரோடு வெள்ளையாக இருந்தது செத்தபின் அப்படி ஆகிறது. இந்தத் தும்பியின் கொக்கிகள் உடையவில்லை. பழைய இனத்தின் கொக்கிப் படத்தைத் துரையின் புத்தகம் ஒன்றிலிருந்து நான் முன்னரே நகல் எடுத்திருந்தேன், அது என் பெட்டியில் கிடந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வளைவுக்கு வளைவு பொருந்தியது. புது இனம் என்று ஒன்று இல்லை. நான் வைத்த நீலம்தான் இருந்தது, அதன் மேல் என் பெயர் இருந்தது.

சிகரெட் தகரத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ரயில் பாதையைக் கடந்தால் கடல். குடும்பம் குடும்பமாக உலாத்திக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் அலைக்கு முன்னால் ஓடுவதும் பின்னால் ஓடுவதுமாக இருந்தார்கள். தகரத்தைத் திறந்து தட்டிவிட்டால் முடிந்துவிடும். துரை மழைக்குப் பிறகு போனாலும் வெள்ளையைக் கண்டு, இது பழைய இனம், புது இனம் இன்னும் உள்ளே இருக்கும் என்று நினைப்பார். தனக்கு வேண்டியதை நம்புகிறவர் அவர். உண்மை உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும்.

நான் நல்லவள் என்று எழுத வரவில்லை. அரை மணித்தியாலம் அங்கே நின்றேன். தட்டிவிடத்தான் நினைத்தேன். அப்போது, எப்போதாவது யாராவது ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓடைக்கு வருவார் என்ற எண்ணம் வந்தது. அவரும் தனியாகத்தான் வருவார், கூட்டமாக வந்து அட்டைக்கடி வாங்குகிறவர்கள் இல்லை. கல்லில் குந்தியிருந்து நீலத்தைத் தேடுவார். வெள்ளையைத்தான் காண்பார். புத்தகம் பிழை என்று நினைக்க மாட்டார், தன் கண் பிழை என்று நினைப்பார். தன்னை நம்பாமல் வீட்டுக்குத் திரும்பிப் போவார். அந்த ஆளை நினைத்ததும் எனக்கு என்மேல் கோபம் கோபமாக வந்தது. தகரத்தை மூடிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் அக்கா வாசலில் நின்றார்.

"எங்கை போட்டு வாறீர், பிள்ளை? அண்ணை வந்து பாத்துக்கொண்டு நிண்டிட்டு இப்பதான் போறார். நீர் அங்கை வரேல்லையாம்."

நான் அங்கே குடிவந்த மூன்று வருடத்தில் அண்ணன் என்னைத் தேடி வந்த ஒரே நாள் அதுதான். சின்ன மகளுக்குக் கோயிலில் முதல் நன்மை கொடுக்கிறார்களாம், சொல்லிவிட்டுப் போக வந்தாராம். நான் கட்டிலில் குந்தி, கால்களில் அட்டை கடித்த இடங்களில் காய்ந்திருந்த இரத்தத்தைத் துடைத்தேன்.

துரை மலைநாட்டிலிருந்து வந்த அன்று, ஊசியில் குத்திய தும்பியையும் வெள்ளை பதிந்த துண்டையும் அவருடைய மேசையில் வைத்தேன். தும்பிக்குக் கீழே, முறைப்படி, பிடித்த இடம், பிடித்த நாள், பிடித்தவரின் பெயர் எழுதிய சின்னச் சீட்டு. நடந்ததைச் சொன்னேன். நீலத்தைக் காணாமல் வைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். எடுக்க வெகுநேரம் ஆனது.

"மற்ற அறுபதிலும் இப்படி எத்தனை, மிஸ்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை."

"நம்புகிறேன்" என்றார். ஆனால் அன்றிலிருந்து நான் கொடுத்த ஒவ்வொரு படத்தையும் தும்பிக்குப் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாகச் சரிபார்த்துத்தான் கையொப்பம் வைத்தார். முன்பு பார்க்காமலே வைப்பார். எனக்கு வந்த தண்டனை அதுதான், அது போதும்.

அன்றே சீமைக்குக் கடிதம் போட்டார். எழுத்து இன்னும் அச்சேறவில்லை, திருத்த முடிந்தது. புது இனம் போய்விட்டது, பழைய இனத்தின் கீழே வால்நுனி வெள்ளை என்றும், லபுகமைக் காட்டு ஓடையில் நிழலில் வாழ்வது என்றும் ஒரு வரி சேர்ந்தது. படங்கள் முன்னரே அச்சாகிவிட்டன. நிறப்படத்தைத் திரும்ப அச்சடிக்க வழியில்லை என்று பதில் வந்தது.

புத்தகம் வந்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. அறுபத்தோராம் படத்தைத் திருப்பினேன். கறுத்த ஊசி உடம்பு, கண்ணாடிச் செட்டை, நுனியில் மாதாவின் நீலம். மற்ற அறுபது படங்களிலும் என் பெயரின் முதல் எழுத்துகள் மட்டும் மூலையில் இருந்தன. இதிலே, அந்த நேரத்துச் சந்தோசத்தில், நான் முழுப்பெயரையும் எழுதியிருந்தேன். அது அப்படியே அச்சாகியிருந்தது. புத்தகத்தில் என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், வந்துவிட்டது.

அக்கா கை துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். அந்தப் படத்தில் நின்றார்.

"எல்லாத்திலும் இந்த நீலம்தான் பிள்ளை வடிவு" என்றார்.

"ஓம், அக்கா" என்றேன்.

அந்தப் புத்தகம் இன்றைக்கும் நூலகங்களில் இருக்கிறது. எழுத்தை யாரும் வாசிப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே நான் நினைத்த அந்த ஆள் எப்படியும் ஒருநாள் போகத்தான் போகிறார். ஓடைக்கரைக் கல்லில், அட்டைகளோடு, தனியே குந்தியிருந்து தேடத்தான் போகிறார். அவருக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன். நீங்கள் காண்பது வெள்ளைதான். நானும் அதைத்தான் கண்டேன். உங்கள் கண்ணில் பிழையில்லை.